‘தெரியாது’ என்பதை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி

2006ஆம் ஆண்டு, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தபோது, அம்மாவுக்காக ஓர் ஆங்கிலக் கடிதம் எழுதினேன். அம்மாவுக்கு அப்போதுதான் ஐம்பது வயது ஆகியிருந்தது. இலங்கையில் பெண்கள் 50 வயதில் ஊழியர் சேமலாப நிதிக் காசை, அதாவது வேலை செய்யும் காலத்தில் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த காசை, எடுக்கலாம், ஆண்கள் 55இல். போய்ப் பார்த்தால் அம்மாவின் கணக்கில் சில மாதங்கள் வெறுமையாக இருந்தன. சம்பளத் துண்டில் மாதாமாதம் 8 சதவீதம் பிடித்த கணக்கு இருக்கிறது. அதோடு அம்மா வேலை செய்த தேயிலைத் தோட்டம் தன் பங்காக 12 சதவீதம் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. கட்டவில்லை என்று அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அகராதியை விரித்து வைத்துக்கொண்டு எழுதினேன். ‘அறியாத’ என்பதற்கு அதில் ‘இக்னரண்ட்’ என்று இருந்தது. அதனால் “மை மதர் இஸ் இக்னரண்ட் அபவுட் திஸ்” என்று எழுதினேன். அம்மாவுக்கு இது தெரியாது, அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. சில வாரம் கழித்துப் பதில் வந்தது. நீங்களே குறிப்பிட்டிருப்பதுபோல ஊழியர் தன் கணக்கைப் பற்றி அறியாதவராக இருந்திருக்கிறார், இனிமேல் விவரங்களைத் தெரிந்து வைத்திருக்கச் சொல்லுங்கள் என்ற பொருளில் இரண்டே வரி. காசைப் பற்றி ஒன்றும் இல்லை.

அந்தக் கடிதத்தைப் பக்கத்தில் இருந்த, ஓய்வுபெற்ற ஆங்கில மாஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பிரதியை வாசித்தார். ‘இக்னரண்ட்’டின்மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டு, “வாஸ் நொட் இன்ஃபோம்ட்” என்று மேலே எழுதினார். “பிள்ளை, அம்மாவுக்குத் தெரியாமல் போனது அம்மாவின் குறையா, சொல்லாமல் விட்டவர்களின் குறையா? அதை முதலில் யோசி, அப்புறம் சொல்லைத் தேடு” என்றார். இப்போது நோர்வூட் பக்கம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். அந்தப் பென்சில் கோட்டைத்தான் இன்றும் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் அம்மா அப்பாவுக்காகக் கடிதம் எழுதும் பிள்ளைகள் எல்லாருக்கும் அது பயன்பட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தமிழில் ‘தெரியாது’ என்ற ஒரே சொல் பல வேலை பார்க்கிறது. எனக்கு அவரைத் தெரியாது, எனக்கு நீச்சல் தெரியாது, பாட்டிக்குக் கண் தெரியாது, பஸ் எத்தனை மணிக்கு என்று தெரியாது. ஆங்கிலத்தில் இவை நான்கும் ஒரே வழியில் போகாது. முதலாவதற்கும் கடைசிக்கும் ‘டோண்ட் நோ’ சரி. நீச்சலுக்கு அது சரிவராது, ‘கான்ட் ஸ்விம்’ என்று முடியாமையாகச் சொல்ல வேண்டும். ‘ஐ டோண்ட் நோ ஸ்விம்மிங்’ என்று எழுதிய கொப்பிகளை எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன். கண் தெரியாததற்கு இந்த வரிசையில் இடமே இல்லை, அது பார்வை சம்பந்தப்பட்டது. ஆக, தமிழ்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலச் சொல்லைத் தேடினால் வழி தவறும். என்ன நடந்தது என்பதைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள்.

அதற்கு ஒரு கேள்வி போதும்: ஏன் தெரியாது? பேனாவைத் திறக்கும் முன் தமிழிலேயே பதில் சொல்லிப் பாருங்கள்.

“யாரும் சொல்லவில்லை” என்பது பதிலானால் ‘நொட் இன்ஃபோம்ட்’. சொல்ல வேண்டிய கடமை ஒருவருக்கு இருந்தது, அவர் செய்யவில்லை என்பது இந்த அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. அவரைப் பெயர் சொல்லித் திட்டாமலே சொல்லிவிடலாம். ‘ஐ வாஸ் நொட் இன்ஃபோம்ட் தட்’ என்று தொடங்கி, எந்த விஷயம் சொல்லப்படவில்லையோ அதை எழுதுங்கள். அரைப் பேர் போட்டதைச் சம்பள நாளில்தான் கண்டுபிடித்தீர்களா? அதே வாக்கியம் அப்படியே பொருந்தும். பேர் என்றால் ஒரு நாள் சம்பளம், பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர் போடுவார்கள் என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். தலைமை அலுவலகத்தில் கடிதத்தை வாசிப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதனால் ‘ஹாஃப் நேம்’ என்று எழுதாமல், பாதி நாள் சம்பளம் என்று விளங்கும்படி எழுதுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘நொட் இன்ஃபோம்ட்’ வேறு, ‘அன்இன்ஃபோம்ட்’ வேறு. முன்னது நடந்த ஒரு சம்பவம். பின்னது ஒரு ஆளுக்கோ அவருடைய கருத்துக்கோ ஒட்டும் அடைமொழி. ‘அன்இன்ஃபோம்ட் ஒபினியன்’ என்றால் விஷயம் தெரியாமல் பேசுகிற பேச்சு என்று பொருள், அதில் கொஞ்சம் மட்டம் தட்டல் கலந்திருக்கும். ‘இல்-இன்ஃபோம்ட்’ என்பது அதற்குப் பக்கத்து வீடு. அரைகுறையாகத் தெரிந்துகொண்டு பேசுகிறவருக்கு அது. இந்த இரண்டையும் பெற்றவர்களைப் பற்றிய கடிதத்தில் போடாதீர்கள்.

“தப்பாகச் சொல்லிவிட்டார்கள்” என்பது பதிலானால் ‘மிஸ்இன்ஃபோம்ட்’. இந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் எனக்கு அப்பாயியின், அதாவது அப்பாவின் அம்மாவின், தம்பி நினைவுக்கு வருவார். 1948இல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களான நம் மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று இரண்டு அரசுகளும் முடிவு செய்தன. சின்னத் தாத்தா இருந்த லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், யாரோ வந்து, இந்தியாவுக்கு மனுப் போடாதவர்களுக்கு இனி அரிசிக் கூப்பன் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அவர் பயந்துபோய்ப் போட்டுவிட்டார். தலைமன்னாரில் கப்பல் ஏறி, கடைசியில் கோத்தகிரியில் போய் நின்றார். அப்பாயி பொகவந்தலாவையில், தம்பி நீலகிரியில். அவர் விவரம் கெட்டவர் இல்லை. அவருக்கு ஒரு விவரம் கிடைத்தது, அது பொய்யான விவரம். அவருக்குரிய சொல் ‘மிஸ்இன்ஃபோம்ட்’. ‘இக்னரண்ட்’ என்று யாராவது எழுதினால் நான் சண்டைக்குப் போவேன்.

சொன்னவர் தெரியாமல் தப்பாகச் சொன்னால் அந்தத் தகவல் ‘மிஸ்இன்ஃபர்மேஷன்’. ஏமாற்ற வேண்டும் என்றே பொய் பரப்பினால் ‘டிஸ்இன்ஃபர்மேஷன்’. பரீட்சை தள்ளிப்போய்விட்டது என்று வட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவை நம்பி நீங்கள் நாலு பேருக்கு அனுப்பினால் முதலாவது. அதைப் பொய் என்று தெரிந்தே தயாரித்தவர் செய்தது இரண்டாவது. நோக்கம் நிரூபிக்க முடியாத இடத்தில் முதலாவதையே எழுதுங்கள்.

“தெரியாது, அவ்வளவுதான், யார்மேலும் குற்றம் இல்லை” என்றால் ‘அன்அவேர்’. எல்லாவற்றிலும் சாதுவான சொல் இது, எங்கும் போடலாம். பின்னால் பெயர்ச்சொல் வந்தால் ‘ஒஃப்’, முழு வாக்கியம் வந்தால் ‘தட்’. ‘அன்அவேர் அபவுட்’ என்று எழுதுகிறார்கள், ‘ஒஃப்’தான் நல்லது. மழைக்காலத்தில் மண்சரிவுச் செய்திகளை ஆங்கிலத்தில் வாசிக்கும்போது இந்தச் சொல்லைக் கவனியுங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள்மேல் மலை சரிந்தது. அப்படி ஒரு இடத்தைப் பற்றி எழுதும்போது, மக்கள் ஆபத்தை ‘அன்அவேர்’ என்று எழுதுவதும், எச்சரிக்கையை ‘இக்னோர்’ செய்தார்கள் என்று எழுதுவதும், எச்சரிக்கை அவர்களைப் போய்ச் சேரவில்லை என்று எழுதுவதும் மூன்று வெவ்வேறு கதைகள். எச்சரித்தது யார், எந்த மொழியில், போகச் சொன்னால் போவதற்கு வேறு காணி இருந்ததா என்பதெல்லாம் தெரியாமல் அந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

இந்த இடத்தில் பிள்ளைகள் எப்போதும் ஒரு கேள்வி கேட்பார்கள்: “மிஸ், இக்னரண்ட் என்றால் இக்னோர் பண்ணுகிறவனா?” இல்லை. இரண்டும் ஒரே லத்தீன் வேரில் இருந்து வந்தவை, அறியாதிருத்தல் என்பதுதான் அந்த வேருக்குப் பொருள். ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் ‘இக்னோர்’ தெரிந்தும் கண்டுகொள்ளாமல் விடுவது, ‘இக்னரண்ட்’ தெரியாமலே இருப்பது. ஏறக்குறைய எதிரெதிர்.

கண்முன்னால் நடப்பதையே கவனிக்காமல் இருந்தால் ‘ஒப்லிவியஸ்’. வேரில் மறதி என்ற பொருள் இருந்தது, இப்போது கவனியாமை. அட்டை ஏறிக் கால் முழுக்க இரத்தம், தங்கச்சி கொய்யாப்பழம் கடித்துக்கொண்டு நிற்கிறாள். அதுதான் ‘ஒப்லிவியஸ்’. பின்னால் ‘டு’ போடுங்கள், ‘ஒஃப்’ போட்டாலும் தப்பில்லை.

பழக்கமில்லை என்றால் ‘அன்ஃபமிலியர் வித்’, அனுபவம் இல்லை என்றால் ‘இன்எக்ஸ்பீரியன்ஸ்ட்’. வேலை விண்ணப்பத்தில் இரண்டாவதை எழுதி உங்களை நீங்களே தள்ளிவிடாதீர்கள். ‘நியூ டு திஸ் வேர்க்’ என்று எழுதலாம். ‘குளூலெஸ்’ பேச்சு வழக்கு, கடிதத்துக்கு ஆகாது. ஆனால் அதன் கதை அழகு. ‘குளூ’ என்பது முன்பு நூல்கண்டு. கிரேக்கக் கதையில் சிக்கலான பாதைக்குள் போனவன் நூலைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவான். கையில் நூல் இல்லாதவன் ‘குளூலெஸ்’.

வெள்ளந்தி, வெகுளி என்று நாம் சொல்கிறவர்களுக்கு ‘நாஈவ்’. எழுத்தைப் பார்த்து ‘நைவ்’ என்று வாசிக்காதீர்கள். நா, ஈவ், இரண்டு அசை, அழுத்தம் இரண்டாவதில். ஆனால் நம் வெள்ளந்தியில் ஒரு வாஞ்சை இருக்கிறது, ஆங்கிலச் சொல்லில் அது குறைவு. எளிதில் ஏமாறக்கூடியவர் என்ற எச்சரிக்கைதான் அதில் முந்தி நிற்கும். அப்பாவி என்று சொல்ல ‘இன்னசன்ட்’ எழுதுவோம். பொலிஸ் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகும் எழுத்தில் அதற்குக் குற்றமற்றவர் என்று மட்டும்தான் பொருள், ஒன்றும் அறியாத சாது என்று பொருள் வராது.

ஒரு நாள் வகுப்பில் ‘நைஸ்’ பற்றிச் சொன்னேன். இன்று நல்லது, இனியது என்று எல்லாவற்றுக்கும் போடுகிறோமே, அந்தச் சொல் லத்தீனில் ‘அறியாத’ என்ற பொருளுள்ள சொல்லில் இருந்து வந்தது. 1300களில் ஒரு ஆங்கிலேயரை ‘நைஸ்’ என்றால் முட்டாள் என்று அர்த்தம். நூற்றாண்டுகள் போகப்போக நுணுக்கமான, பிறகு இனிமையான என்று மாறிவிட்டது. அன்று முழுக்கப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ‘நைஸ்’ என்று திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

சரி, படிப்புக்கு வருகிறேன். ‘இல்லிட்டரேட்’ என்றால் எழுத வாசிக்கத் தெரியாதவர். ‘அன்எஜுகேட்டட்’ என்றால் பள்ளிப் படிப்பு இல்லாதவர். இவை இரண்டையும் ‘இக்னரண்ட்’டோடு ஒன்றாகப் போடுவதுதான் நம்மிடம் உள்ள பெரிய தவறு, தமிழிலும் அதையே செய்கிறோம். தற்குறி என்ற சொல்லைப் பாருங்கள். கையெழுத்துக்குப் பதிலாகத் தன் கையால் ஒரு குறி போடுகிறவர் என்பதுதான் அது. இன்று வசைச் சொல். கைநாட்டு என்பதும் அப்படித்தான் ஆகிவிட்டது.

என் அப்பாயி கைநாட்டு. பெருவிரலை மையில் தொட்டுத்தான் சம்பளம் வாங்கினார். ஆனால் கூடையை முதுகில் இருந்து இறக்கும்போதே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் தராசு வேறு எண்ணைக் காட்டினால், ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று கணக்குக் கேட்பார். எந்த மலையில் எத்தனை நாள் கழித்து மறுபடி கொழுந்து வரும், கவ்வாத்து வெட்டிய செடி எப்போது கைக்கு எட்டும், தென்மேற்கு மழை எந்தப் பக்கத்து மேகத்தில் இருந்து ஆரம்பிக்கும் எல்லாம் அவருக்குத் தெரியும். இரவில் பாடும் பாட்டுகளுக்குக் கணக்கே இல்லை. அப்பாயி ‘இல்லிட்டரேட்’. அது உண்மை, எழுதுவதில் வெட்கம் இல்லை. பெருவிரல் அடையாளம் வைத்த பத்திரம் ஒன்றைக் கேள்வி கேட்கும்போது அதைக் கட்டாயம் எழுதவும் வேண்டும். ஏனென்றால் அவருக்கு யார் வாசித்துக் காட்டினார்கள், எந்த மொழியில் காட்டினார்கள் என்ற கேள்வி அதில் இருந்துதான் எழும். ஆனால் அப்பாயி ‘இக்னரண்ட்’ இல்லை.

அந்தச் சொல்லை எங்குமே போடக் கூடாதா என்றால், போடலாம். ‘இக்னரண்ட் ஒஃப்’ என்று சேர்த்து, எந்த விஷயம் தெரியாது என்று குறிப்பாகச் சொன்னால் வெறும் தகவல்தான். தனியாக ஒரு ஆளைச் சுட்டி ‘ஹி இஸ் இக்னரண்ட்’ என்றால் வசை. இங்கிலாந்தில் சில இடங்களில் மரியாதை தெரியாதவன் என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘இக்னரன்ஸ்’ என்ற பெயர்ச்சொல் சட்டத்தில் வரும்: சட்டம் தெரியாது என்பது சாக்கு ஆகாது என்ற பழைய கொள்கை. அதனால்தான் “எனக்குச் சட்டம் தெரியாது” என்று கடிதத்தில் எழுதி ஒதுங்க முடியாது. “இந்தப் படிவத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளக்கவில்லை” என்று எழுதுங்கள்.

இனி, என் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் சறுக்கும் இடம்: ‘தெரியாமல்’. “தெரியாமல் கண்ணாடியை உடைத்துவிட்டேன்” என்றால் வேண்டுமென்று செய்யவில்லை என்று பொருள். அதற்கு ‘பை மிஸ்டேக்’ அல்லது ‘அக்ஸிடென்டலி’. “அம்மாவுக்குத் தெரியாமல் காசு எடுத்தேன்” என்றால் அம்மா அறியாதபடி. அதற்கு ‘வித்அவுட் மை மதர்ஸ் நொலெஜ்’. இரண்டுக்கும் ‘வித்அவுட் நோயிங்’ என்று எழுதுகிறார்கள். இந்தக் குழப்பம் கடிதத்தில் ஆபத்து. “அப்பாவுக்குத் தெரியாமல் அவர் பெயரில் கடன் எடுத்திருக்கிறார்கள்” என்பது ஒரு முறைப்பாடு. “அப்பா தெரியாமல் கடன் எடுத்துவிட்டார்” என்பது ஒரு மன்னிப்பு. ஆங்கிலத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதினால், முறைப்பாடு செய்யப் போன அப்பா கடன்காரராக நிற்பார். அப்பா நடந்ததற்குத் தானே ஒரு கருவியாகி, அதை அவரே உணரவில்லை என்றால் ‘அன்விட்டிங்லி’ என்று ஒரு சொல் இருக்கிறது. விளங்காத பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு அது பொருந்தும்.

‘கெப்ட் இன் த டார்க்’ என்று எழுதலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். எழுதலாம், ஆனால் முதல் கடிதத்தில் வேண்டாம். மூடி மறைத்தார்கள் என்ற நேரடிக் குற்றச்சாட்டு அது. முதலில் ‘நொட் இன்ஃபோம்ட்’ என்று எழுதி, பதில் வராவிட்டால் இரண்டாவது, மூன்றாவது கடிதத்தில் பார்க்கலாம். கையில் சம்பளத் துண்டு போன்ற சான்று இருந்தால் மட்டும்.

இன்னொன்று. அரச அலுவலகத்துக்கு எழுதுவதாக இருந்தால் ஆங்கிலமே தேவையில்லை, தமிழில் எழுதலாம். 1987இல் அரசியலமைப்புக்கு வந்த 13ஆவது திருத்தத்தில் தமிழும் அரசகரும மொழி ஆனது, ஆங்கிலம் இணைப்பு மொழி. தமிழில் எழுதினால் தமிழிலேயே பதில் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கம்பனிகளின் கொழும்பு அலுவலகங்களுக்கு எழுதும்போதுதான் பெரும்பாலும் ஆங்கிலம் தேவைப்படுகிறது. அங்கே சொல் ஒவ்வொன்றும் நமக்காகவோ நமக்கு எதிராகவோ வேலை செய்யும்.

அம்மாவின் இரண்டாவது கடிதத்தை மாஸ்டர் பக்கத்தில் இருக்க, நானே எழுதினேன். தேதி, அங்கத்துவ இலக்கம், விடுபட்ட மாதங்கள், பிடித்த தொகை. அதன் கீழே, இந்த மாதங்களுக்குப் பணம் கட்டப்படவில்லை என்று எனக்கு அறிவிக்கப்படவில்லை, காரணத்தை எழுத்தில் அறியத்தரவும் என்று அம்மா பேசுவதுபோலவே இரண்டு வாக்கியம். “மை மதர்” என்பதையும் மாஸ்டர் ‘ஐ’ ஆக்கச் சொன்னார். கணக்கு அம்மாவுடையது, கேட்பவரும் அம்மாவாகவே இருக்கட்டும் என்றார். பதில் வர நான்கு மாதம் ஆனது. இந்தத் தடவை காசைப் பற்றி இருந்தது.

உங்கள் கடிதம் முடிந்ததும் உடனே உறையில் போடாதீர்கள். யாருடைய பெயரில் போகிறதோ அவரை உட்கார வைத்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். ‘நொட் இன்ஃபோம்ட்’ வரும் இடத்தில் “எனக்கு யாரும் சொல்லவில்லை” என்று சொல்லுங்கள். அன்று அடுப்படியில் அப்படிச் சொல்லிக் காட்டியபோது அம்மா, “ஆமாம், சொல்லவில்லைதானே” என்று சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.